அம்மா திருப்பித் தர வேண்டிய மூன்று சொற்கள்

அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய அனைவருக்கும் மூத்த மகளின் ஸலாம்.

அம்மா மேல்விஷாரத்தில் பிறந்து, ஆம்பூருக்கு வாக்கப்பட்டு வந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் குர்ஆன் ஓதுவார். அரபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கிதாபுகளை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அத்தா எழுபத்திரண்டாம் வருஷம் மவுத்தானபின், மசாலா இடித்துக் கொடுத்தே எங்களை ஆளாக்கினார்.

தெருவே நம்பிப் பொருளை அவரிடம் அமானிதமாக வைக்கும். ஹஜ்ஜுக்குப் போன பக்கத்து வீட்டம்மா கொடுத்த பெட்டியை, அந்தம்மாவின் சொந்த மகன் வந்து கேட்டும் அம்மா தரவில்லை. கொடுத்த கையில்தான் திருப்பிக் கொடுப்பார். அதுவரை ஞாபகத்துக்கு, பொருளுக்கு ஒன்றாக, முந்தானையில் ஒரு முடிச்சு இருக்கும்.

போன வருஷம் அடுப்பில் வைத்த பாலை இரண்டு தடவை மறந்துவிட்டார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். படிப்பு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றான் தம்பி. கிதாபு வாசிப்பார் என்று நானும் சொல்லவில்லை. டாக்டர் அம்மாவிடம் மூன்று சொற்களைச் சொன்னார்; நாங்கள் அவற்றைக் கவனிக்கவில்லை.

"மனசுல வெச்சிருங்கம்மா. அப்புறம் கேக்குறேன்."

அதற்குள் டாக்டரை வேறு வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உதவிக்கு இருந்த பெண்தான் வந்து கேட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. ஞாபகம் போய்விட்டதென்று எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றே அம்மாவின் சாவிக்கொத்தை நான் வாங்கிக்கொண்டேன். தெருவாரும் வைத்ததையெல்லாம் எடுத்துப் போனார்கள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதன்பின்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும், ஆளில்லாத அறையில் அம்மா யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுப்பார். ஊசி, குடை, கொய்யாப்பழம். தினமும் அதே வரிசை. நாங்கள் உள்ளே போனால் நின்றுவிடும். கதவைச் சாத்தினால் மறுபடி கேட்கும். ஏதோ அண்டிவிட்டதென்று பயந்தோம். பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்துத் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

கடைசி நாளில் கலிமா சொல்லிக்கொடுக்கக் குனிந்தேன். எனக்கு முன்பே அவர் தெளிவாகச் சொல்லி முடித்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"டாக்டரு இன்னும் வரலியா? அவரு குடுத்த அமானிதம் எங்கிட்டதான் இருக்குது. அந்தப் பொண்ணு வந்து கேட்டா எப்டிக் குடுக்கறது?"

மவுத்தானபின் குளிப்பாட்டிய பெண்கள் அவர் புடவையை என்னிடம் நீட்டினார்கள். முந்தானையில் மூன்று முடிச்சுகள். அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

இன்றும் அஸருக்குப் பின் அந்த அறையில் அது கேட்கிறது. என் வாய்தான் சொல்கிறது என்கிறான் தம்பி.

கபன் துணி தைத்தவர்களுக்கும், சந்தூக்கு சுமந்தவர்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை மூட்டவிடாமல் சோறு அனுப்பிய தெருவுக்கும் எங்கள் நன்றி. அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம். அவருக்கென்று ஒரு மலர் எடுத்து வைத்திருக்கிறேன்.

டாக்டர் ஐயா, ஊசி, குடை, கொய்யாப்பழம். சரியாக இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள்.