தரையில் கால் வைக்கும் முன்

எனக்கு வயது எண்பத்து நான்கு. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதே இடது காலில் நரம்பு புடைத்தது. ஐந்தாவது பிறந்த பிறகு முழங்காலிலிருந்து கணுக்கால் வரை சுருட்டிக்கொண்டு நெளிந்தது.

அப்போது புனேயில், கேம்ப் என்ற இடத்துப் பள்ளி விடுதியில் எனக்குச் சமையல் வேலை. நாள் முழுக்க நின்றபடி சப்பாத்தி போட வேண்டும். எனக்கு நாற்பது வயது நடக்கும்போது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, அரித்து, புண்ணாகிவிட்டது. கொஞ்ச நாள் பார்க்கிறேன், புண் ஆறாவிட்டால் அடுப்படிக்குள் வரக் கூடாது என்று விடுதி அம்மாள் சொல்லிவிட்டார். அந்த அடுப்படியை இன்னொருத்தியிடம் விட எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் இந்தியில் விளக்கினார். நரம்பு தளர்ந்ததால் இரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்குகிறதாம். விரலடியிலிருந்து முழங்கால் வரை பட்டைத் துணியை இறுக்கிச் சுற்ற வேண்டும், படுக்கும்போது காலை உயர்த்தி வைக்க வேண்டும். நானும் ஒரு நாள் தவறாமல் சுற்றினேன். மூன்று மாதமாகியும் புண் அப்படியே இருந்தது.

"நீ கட்டுவதே இல்லை" என்றார் டாக்டர். போகும்போதெல்லாம் இதே பேச்சு. இங்கிலீஷ் சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தார் என்று எங்கள் ஊர்ப்பக்கத்து நர்ஸ் ஒருத்தி படித்துச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தன மணிக்குக்கா கெட்டுதிய?" என்றாள்.

"தண்ணி பிடிச்சு, குளிச்சிட்டு, ஆறரைக்கு."

"அதுக்குள்ள கால் வீங்கிருமே! தரையில கால் வைக்குமுன்ன கெட்டணும்."

"கெட்டிக்கிட்டு குழாயடிக்குப் போனா துணி நனையாதா? அஞ்சு மணித் தண்ணி எனக்காவ நிக்குமா?"

"அப்ப அண்ணன அனுப்புங்க."

எட்டு வீட்டுக்கு ஒரே குழாய். அந்த வரிசையில் ஆண் யாரும் நின்றதில்லை. என் வீட்டுக்காரரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் முறைப்பாகவே இருந்தேன். நான்காம் நாள், சீட்டு விஷயம் தெரிந்து அவரே குடத்தை எடுத்தார்.

"அண்ணா, புடவை எங்கே?" என்று பக்கத்து வீட்டு மராத்திக்காரி கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"அத எங்க வீட்டு மகாராணி காலுல சுத்திக்கிட்டு இருக்கா" என்றார் இவர். வரிசையே சிரித்தது. கட்டிலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதத்தில் புண் மூடியது. நரம்பு போகவில்லை, இன்றும் இருக்கிறது. அடுப்படி என்னிடமே இருந்தது. ஆனால் அந்த மூன்று மாதக் கோபம் இன்னும் ஆறவில்லை. கட்டுவதில்லை என்று சொன்னாரே தவிர, எப்போது கட்டுகிறாய் என்று டாக்டர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பேத்தி, என் கோணல் எழுத்து உனக்குப் புரியும். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை. இதை முதலிலிருந்து உரக்கப் படி. நான் தினமும் கட்டினேன் என்று சரியாக எழுதியிருக்கிறேனா பார்க்கணும்.