அந்தக் கை இல்லைங்க

ஜான்சிக்கு வலித்தது இடது கை. இதை அவள் சொல்லாத ஆள் மரக்காணத்தில் பாக்கி இல்லை. ஆனாலும் "கை வலிக்குது" என்று வாயைத் திறந்த மாத்திரத்தில் கேட்டவர் கண் நேரே வலது கைக்குப் போகும். போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். "பாவம், பொறந்ததுலருந்தே இப்படித்தானே" என்று ஒரு பெருமூச்சு. இடது கையின் கதை அதோடு முடிந்தது.

வலது கை பிறப்பிலேயே போனது. பெரிய குழந்தை, தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கை சற்றுக் குட்டையாக, முழங்கை மடங்கி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி நிற்கிறது. தோளுக்கு மேல் எழாது. கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க உள்ளங்கையைத் திருப்பவும் வராது. ஆனால் ஜான்சி அதைச் சும்மா விட்டவள் இல்லை. பாத்திரத்தை இடுப்போடு அணைத்துப் பிடிக்கும், பையைத் தொங்கவிடலாம், விரலைக் கொக்கிபோல் எதிலும் மாட்டலாம்.

மற்றதெல்லாம் இடது கைதான். தலை வாருவது, மீன் கழுவுவது, பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது, பஸ்ஸில் கம்பி பிடிப்பது. எல்லாவற்றுக்கும் மேலே உப்பு பேக்கிங் ஷெட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உப்பை அள்ளி அள்ளிப் பாக்கெட்டில் கொட்டுவது. கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி அந்தக் கை. வேலை பூராவும் அவள் தலையில். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. தைலமும் ஜெபமும் இளையவளுக்கு.

இந்தப் பங்குனியில் மூத்தவள் மக்கர் பண்ணினாள். முதலில் தோளில் குத்தல். பிறகு விரல்கள் மரத்தன. ஒருநாள் அள்ளிய உப்பு பாக்கெட்டுக்குள் விழாமல் காலில் கொட்டியது. வலது கை போனபோது இடது இருந்தது. இதுவும் போனால்? பாவாடை நாடாவை யார் முடிச்சுப் போடுவார்கள்?

வீட்டுக்காரர் அமிர்தசாமி அவர் பங்குக்கு மாதா கோயில் திருவிழாவில் தகட்டுக் கை ஒன்றைக் காணிக்கை வைத்துவிட்டு வந்தார்.

"எந்தக் கைன்னு சொல்லி வேண்டிக்கினீங்க?"

"கைதான். உன் சோத்தாங்கை."

"ஐயோ! எனக்கு வலிக்கிறது பீச்சாங்கைங்க!"

"மாதாவுக்குத் தெரியாதா?"

"மாதாவுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

தோஹாவில் இருக்கும் தம்பி ஜெஸ்வின் இன்னும் மோசம். வீடியோ காலில் பதறிப் பதறி விசாரித்தான், யாரிடமோ கொடுத்தனுப்பி ஒரு தோள்பட்டை பெல்ட்டும் வந்து சேர்ந்தது. வலது தோளுக்கு. "டெய்லி போட்டுக்கினு போட்டோ அனுப்புக்கா" என்றான். "இதை மாட்டவே ரெண்டு கை வேணும்டா டேய்" என்று போனை வைத்தாள்.

கடைசியில் புதுச்சேரிக்குப் போனார்கள். பெரிய ஆஸ்பத்திரி, எலும்பு டாக்டர். ஜான்சி உட்கார்ந்ததும் இடது கையை நீட்டினாள். டாக்டர் வலது கையைப் பிடித்தார். பிடித்ததும் முகம் மலர்ந்தது. உள்ளே குரல் கொடுத்தார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"பர்த் இஞ்சுரி. குழந்தைங்கள்ல பாத்திருப்பீங்க. பெரியவங்க ஆனப்புறம் யாரும் வர்றதில்ல. நல்லாப் பாத்துக்குங்க."

"அந்தக் கை இல்லைங்க டாக்டர்."

"கையைத் தூக்குங்கம்மா. எவ்ளோ முடியுதோ அவ்ளோ."

"அது அவ்ளோதாங்க. எனக்குத் தெரியும். இந்தக் கைதான்..."

தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், முதுகைத் தொடச் சொன்னார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஜான்சி இடது கையை மேசைமேல் போட்டுவிட்டு, விற்காத மீனைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகுதான் டாக்டர் இடது பக்கம் வந்தார். அமுக்கினார். ஜான்சி கத்தினாள்.

"சவ்வு தேஞ்சிருக்கு. ரொம்ப வேலை வாங்கிட்டீங்க. இப்படியே போனா கிழிஞ்சிடும். இதுக்கு ஒரு மாசம் ரெஸ்ட் குடுங்க," என்றவர், மருந்துச் சீட்டு எழுதியபடியே, "அதுவரைக்கும் அடுத்த கையை யூஸ் பண்ணுங்க" என்றார்.

ஜான்சி அமிர்தசாமியைப் பார்த்தாள். அமிர்தசாமி மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. பிறகு அமிர்தசாமி மெதுவாக, "டாக்டர் சொல்றாப்ல அந்தக் கையால கொஞ்சம்..." என்று தொடங்கினார். ஜான்சி திரும்பிய திருப்பில் மீதி வார்த்தையை விழுங்கிவிட்டு, "சரி, சோறு நான் வடிக்கிறேன்" என்றார்.

சோறு வடித்தால் போதுமா? ஷெட் இருக்கிறதே. மறுநாள் காலை சூப்பர்வைசர் வேல்முருகனிடம் போய் நின்றாள். "தம்பி, என்னை சீலிங்ல போடு. அள்ள முடியாது." பாக்கெட் வாயை ஒட்டும் மெஷின் அது. மிதிப்பது கால், வாயை நேராகத் தள்ளிவிட ஒரு கை போதும், கோணல் கையானாலும்.

"இன்னாக்கா நீ! எனக்குன்னு தனியா எதுவும் வேணாம், எல்லாரு மாதிரி அள்ளுவேன்னு இத்தினி வருஷம் சண்டை போட்டதே நீதானே?"

அது உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. "அப்ப சொன்னது அந்தக் கைக்கு. இப்ப கேக்கறது இந்தக் கைக்கு."

"அங்க அருக்காணி உக்காந்திருக்கு. எழுந்திருன்னா என்னைக் கடிச்சிடும்."

"நான் கேக்கறேன்."

அருக்காணி மெஷினைவிட்டு அசையவில்லை. "கை முடியலன்னு சொன்னாங்கக்கா. பாவம், அந்தக் கை..."

"அருக்காணி! அந்தக் கைன்னு இன்னொரு வாட்டி சொன்னே, இருக்கிற ஒரு கையால அறைஞ்சிடுவேன். அப்புறம் அதுவும் போய்டும். நீதான் வந்து எனக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டணும், ஆயுசுக்கும்!"

அருக்காணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "சரி, எந்தக் கை?" என்றாள்.

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. ஜான்சி முந்தானையை ஒதுக்கி, இடது தோளைக் காட்டினாள். அருக்காணி பெருவிரலால் லேசாகத் தொட்டதற்கே உடம்பு துள்ளியது.

"அடிப்பாவி, இதை வெச்சிக்கினா அள்ளினு இருந்தே?" அருக்காணி முனகிக்கொண்டே எழுந்தாள். "ஒரு மாசம்தான். அப்புறம் என் சீட்டு எனக்கு."

ஜான்சி உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டால் பாக்கெட்டைத் தள்ளி, காலால் மிதித்தாள். ஒட்டல் கோணலாக விழுந்து ஓரத்தில் உப்பு ஒழுகியது. வேல்முருகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா! இதை எவன் வாங்குவான்?"

"பழகாத வேலைடா. ரெண்டு நாள் ஆகும். கத்தாதே" என்று சொல்லி அடுத்த பாக்கெட்டைத் தள்ளினாள். உதவிக்கு ஓடிவந்த இடது கையை அதட்டி மடியில் போட்டாள்.