தீபத்துக்கு வீடு கேட்க மாட்டேன்

எங்கள் வீட்டுக்கார அம்மா தங்கம்மாளுக்குக் கோபம் வந்தால், பேகோபுரத் தெருவில் மாவு மில் ஓடும் சத்தம்கூடக் காதில் விழாது. அந்த மில்லும் அவருடையதுதான். புருஷன் போன பிறகு மிளகாய் நெடியிலும் மாவுத் தூசியிலும் நின்று உழைத்து, மில்லை ஒட்டி ஒரு மாடி வீடு கட்டினார். கீழே அவரும் மகள் சரசுவும். மேலே முதல் குடித்தனம் நாங்கள்.

திருவண்ணாமலையில் வாடகைக்கு இருந்த எங்களுக்கெல்லாம் அப்போது கார்த்திகை பிறந்தாலே பயம்தான். தீபத்துக்குக் கொடியேறும் முன்பே வீட்டுக்காரர் வாசலில் வந்து நிற்பார். "பத்து நாள் விட்டுக் குடும்மா, சொந்தக்காரங்க வராங்க" என்பார். எல்லாம் மெட்ராஸிலிருந்து காசு கொடுத்து வரும் சொந்தக்காரர்கள்! நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போளூரில் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் போய் ஒண்டிக்கொள்வோம். தாய் வீடு இல்லாதவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

எழுபத்தொன்பது சித்திரையில் வாடகைப் பத்திரம் போட, தங்கம்மாள் அம்மாவோடு பத்திர எழுத்தர் அப்பாசாமியிடம் போனோம். அவர் யாரையும் எதுவும் கேட்காமலே பாதி எழுதிவிட்டிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் உரல் போட்டு இடிக்கக் கூடாது என்று வரிசையாக வாசித்தவர், "தீபத் திருவிழா பத்து நாளும் மாடியை உரிமையாளர் வசம் ஒப்படைக்க வேண்டியது" என்றார். என் கணவர் வேணு பூம் பூம் மாடு மாதிரி தலையாட்டினார்.

"அதை எடுத்துடுங்க" என்றார் அம்மா.

"ஊர்ல எல்லாரும் போடற ஷரத்தும்மா."

"போடட்டும். நான் வாடகைக்கு இருந்தப்ப, சரசுவை இடுப்புல வெச்சிக்கினு தீபத்து மழையில கடை ஓரமா நின்னிருக்கேன். உள்ள வீட்டுக்காரரு மெட்ராஸ்காரங்களுக்குக் காபி குடுத்துக்கினு இருந்தாரு. தீபத்துக்கு வீட்டைக் கேக்க மாட்டேன்னு எழுதுங்க."

"அடிச்சுத் திருத்தினா நல்லா இருக்காதே."

"புதுப் பத்திரம் வாங்கிக்கறேன்."

"வீட்டுக்காரங்களே தன் கையைக் கட்டிக்கினு பத்திரம் எழுதி நான் பார்த்ததே இல்ல" என்று முணுமுணுத்தார் அப்பாசாமி.

"இப்ப பாருங்க" என்று சொல்லி, எழுதி முடிக்கும்வரை நகராமல் நின்று, தங்கம்மாள் என்று அழுத்திக் கையெழுத்துப் போட்டார். எனக்கானால் நம்பிக்கை வரவில்லை. கார்த்திகை வரட்டும், பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன்.

கார்த்திகையும் வந்தது. எனக்குப் பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்புக்காரி. அப்போது பார்த்து அம்மாவின் அண்ணன் கோதண்டராமன் ஆரணியிலிருந்து வந்தார். சரசுவுக்கு அங்கே ஒரு நல்ல இடம் பார்த்திருந்தார். அப்பன் இல்லாத பெண் என்று அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டார் தீபத்துக்கு வராங்க. மாடி முழுக்க உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்" என்று அவர் கீழே சொன்னது எனக்குக் கேட்டது. நான் குழந்தைத் துணிகளை எடுத்து மூட்டை கட்ட ஆரம்பித்தேன். அம்மா படியேறி வந்தார்.

"இன்னா பண்றே?"

"சரசு கல்யாணம்மா இது. நீங்க கேக்கல. நானாத்தான் போறேன்."

"நீயா போய்ட்டா, நான் போட்ட கையெழுத்துக்கு இன்னா மரியாதை?"

கத்திக்கொண்டே மூட்டையை அவிழ்த்தார். "இந்த இடமும் தட்டிப் போவாம இருக்கணும்" என்று முனகிக்கொண்டே துணிகளை மடித்து வைத்தார். அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்குக் கீழ் வீட்டை முழுசாகக் கொடுத்துவிட்டு, அம்மாவும் சரசுவும் மில்லில் பாய் விரித்துக்கொண்டார்கள். "சம்பந்தம் கை நழுவிப் போனா என்னைக் கேக்காதே" என்று அண்ணன் தெருவுக்கே கேட்கும்படி குதித்தார்.

தீபத்தன்று சாயங்காலம் எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அம்மா. பின்னால் மாப்பிள்ளையின் தாயார் வெள்ளையம்மாள், சரசு, இன்னும் நாலைந்து பேர். எங்கள் போர்ஷன் வழியாகத்தான் மொட்டை மாடிக்குப் படி.

"சந்திரகலா, இவங்க தீபம் பாக்கணுமாம். உங்க வீட்டு வழியா மேல போலாமா?"

செங்கல் ஒவ்வொன்றும் அந்த அம்மா உழைப்பில் வைத்தது. சம்பந்தம் பேச வந்தவர்கள் எதிரில் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்!

"உங்க வீட்டுல நீங்க போறதுக்கு என்னைப் போயி..."

"போலாமா, வேணாமா? அதைச் சொல்லு."

"வாங்க" என்றேன். பிறகு நிமிர்ந்து நின்று, ஆரணிக்காரர்களைப் பார்த்துச் சொன்னேன். "எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க." இந்த ஊரில் அப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதே கிடையாது. பெருமையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வெள்ளையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் உள்ளே வந்தார். தூளியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"குடித்தனக்காரங்களையே இப்படி வெச்சிருக்கீங்க. உங்க பொண்ணு எங்களை எப்படி வெச்சிக்குவான்னு இனிமே நான் கேக்க வேண்டியதில்ல. தையில முகூர்த்தம் பாருங்க."

மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் தெருவே அரோகரா போட்டது. அம்மா மட்டும் சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தார்.