அண்ணன் தூக்கிப் பார்த்த கோப்பை

என் உடன்பிறந்த ஒரே அண்ணன் பெண்ணாடத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டே படித்து, சென்னையில் ஒரு விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். செலவாகும் எண்ணெய்க்கு ஏற்ற ஆளையும் சரக்கையும் ஒவ்வொரு விமானமும் சுமக்கிறதா என்று கணக்கெடுப்பதே அவர் வேலை. பழக்கதோஷம், எங்கள் வீட்டுக்கு வந்தாலும் எதையும் கையில் தூக்கிப் பார்ப்பார். அம்மிக்குழவியைக்கூட விட்டுவைத்ததில்லை!

அந்தப் பழக்கம்தான் என்னை நடுங்கவைத்தது. விருத்தாசலத்தில் என் கணவரின் சூளை அண்ணனின் விமானக் கம்பெனிக்குப் பீங்கான் கோப்பை செய்தே பிழைத்தது. அறுபதுகளின் கடைசியில் புது ஜெட் விமானங்கள் வந்தன. வேண்டாத கனத்தையெல்லாம் குறைக்கச் சொன்னார்களாம். இனிமேல் பிளாஸ்டிக் கோப்பைதான் என்று பேச்சு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணன் வந்ததும் முதலில் தூக்கிப் பார்த்ததே எங்கள் கோப்பையைத்தான்.

“மாப்ள, இதையே மெலிசா செஞ்சு பாக்கலாமா?” என்றார் என் கணவரிடம்.

செய்தார்கள். சூளை ஆறும்வரை அண்ணன் அங்கேயே நின்றார். திறந்தால், ஐயோ, எல்லாம் கோணியும் வெடித்தும் கிடந்தன. தேறியது ஒன்றே ஒன்று.

“ஒண்ணு போதாது பாப்பா. கம்பெனிக்குப் பிளாஸ்டிக்குன்னுதான் நான் எழுதணும்.”

“எங்க வூட்டு அடுப்ப அணைச்சுட்டுத்தான் உங்க விமானம் பறக்கணுமாண்ணே?”

“எனக்கும் பயமாத்தான் இருக்குது. ஆனா பொய்க் கணக்கு எழுத மாட்டேம்மா.”

எழுதிவிட்டார், கோப்பை ஆர்டரும் நின்றுபோனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் லீவு போட்டு வந்து, என் கணவரோடு பக்கத்து ஊர்களான மங்களூர், கம்மாபுரம் என்று கடை கடையாக ஏறி இறங்கி, பீஸ் கட்டைக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. கிணற்றுக்குக் கிணறு மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்த காலம். கரண்டுப் பெட்டியில் செருகும் அந்தப் பீங்கான் கட்டைதான் எங்களைக் காப்பாற்றியது.

தேறிய அந்த ஒற்றைக் கோப்பையில்தான் அண்ணன் கடைசிவரை டீ குடித்தார். பிள்ளையில்லாதவர், நோய் முற்றியதும் எங்களிடமே வந்துவிட்டார். ஒருநாள் கோப்பையைப் பாதியில் இறக்கிவைத்து, “பாப்பா, இது கனமா இருக்குது” என்றார். எங்கள் சூளையில் வெந்ததிலேயே லேசான கோப்பை அது. அன்று நடுங்கியதுபோல் நான் என்றுமே நடுங்கியதில்லை. அதன்பின் நானே பிடித்துக் குடிக்கவைத்தேன்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கூடவே இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மணிமுத்தாற்றங்கரை மயானம் வரை அண்ணனைத் தோளில் தூக்கிச் சென்றவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஆயுள் முழுக்கக் கனத்துக்குக் கணக்குக் கேட்டவர் அவர். நீங்கள் கனம் பார்க்காமல் சுமந்தீர்கள்.