முப்பத்தெட்டுத் தொட்டிகள்

துரைக்கண்ணு நாற்பத்தொன்பது வயது வரை எந்தச் செடிக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை. ஜவ்வாது மலையில் சாமை விதைப்பவர்கள் மழையைப் பார்த்து விதைக்கிறார்கள். பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் அடுத்த ஆண்டு. அப்படிப்பட்டவர், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஓர் ஓய்வு வீட்டில், முப்பத்தெட்டு வெள்ளைத் தொட்டிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்தார். மகள் பிரியதர்ஷினி வேலூரில் நர்சிங் படிப்பது இந்தச் சம்பளத்தில்தான்.

வீட்டுக்காரர் வெற்றிச்செல்வன் சென்னையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில், கூடத்து மூலையில் இருக்கும் கேமரா வழியாகப் பார்ப்பார். அதன் வழியாகவே பேசுவார். கெட்ட மனிதர் அல்ல. "சாப்ட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான், "ஜன்னல் பக்கம் ரெண்டாவது தொட்டி தலை சாஞ்ச மாதிரி இருக்கே" என்பார். அதட்டுகிறவரிடமாவது கோபித்துக்கொண்டு கிளம்பலாம்.

துரைக்கண்ணுவின் ஊர் எதிர்ச் சரிவில் இருந்தது. கூடத்து ஜன்னலில் நின்றால் அவர் வீட்டுப் புளியமரம் தெரியும். காலைத் தண்ணீருக்கும் மாலைத் தண்ணீருக்கும் நடுவில் நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். தங்க முடியாது.

மனைவி கெங்கம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கார்த்திகையில் போளூரில் நடந்த கண் ஆபரேஷன் முகாமுக்கு அவளை அழைத்துப்போக லீவு கேட்டபோது வெற்றிச்செல்வன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "மூணு நாள் செடி தாங்காதே அண்ணே. வேற ஆளை உள்ள விடவும் பயமா இருக்கு" என்றார். அவள் போகவில்லை. மாசியில் மறுபடி முகாம் என்று தெரிந்ததும் போன் செய்தாள்.

"பக்கத்து வூட்டு ரங்கசாமி பொண்டாட்டி செந்தாமரை கூட வர்றேன்னு சொல்றா. ஆனா கண்ணுல கத்தி வைக்கிறாங்கோ. நீ பக்கத்துல இருந்தா போதும்."

"கேட்டுச் சொல்றேன்."

"போன தடவையும் இதான் சொன்ன. செடி வாடுனா அவருக்கு மெட்ராஸ்ல தெரியுது. பொண்டாட்டி கண்ணு வாடுனா எந்தக் கேமராவுல தெரியும்?"

முகாமுக்கு இருபது நாள் இருந்தது. செடிகள் மூன்று நாள் தாங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு என்று துரைக்கண்ணு நினைத்தார். முதலில் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண்ணில் கவிழ்த்துக் குத்தினார். ஒரு மணி நேரத்தில் பாட்டில் காலியாகித் தரையெல்லாம் ஈரம். அடுத்து, பழைய பெயிண்ட் வாளியில் தண்ணீர் நிரப்பி, கெங்கம்மாளின் கிழிந்த புடவையைத் திரித்து, ஒரு முனையை வாளியிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் விட்டார். விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிறதே, துணி தண்ணீரை இழுக்காதா என்பதுதான் யோசனை. நைலான் புடவை இழுக்கவில்லை. தன் பருத்தி வேட்டியைக் கிழித்தார். அது இழுத்தது.

பெரணிக்கு இரண்டு திரி. மணி பிளாண்டுக்கு ஒன்று. கள்ளிக்கு நூல் அளவு. மண் எவ்வளவு குடித்திருக்கிறது என்பதை ஒவ்வொரு தொட்டியையும் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொண்டார். ஆறு தொட்டிகளுக்கு ஒரு வாளி. கேமராவில் அசிங்கமாகத் தெரியாமலிருக்கத் தொட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு நாள் உழைப்பில், பிழை இல்லாமல் வேலை செய்தது.

கடைசியாக ஒரு சோதனை: மூன்று நாள் அவர் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. இரண்டாம் நாள் மத்தியானம் மூலையிலிருந்து குரல் வந்தது.

"சாப்ட்டீங்களா அண்ணே? காலைல நீங்க தண்ணி ஊத்துறதைப் பாக்கலியே. ஆனா செடியெல்லாம் பளபளன்னு இருக்கு."

துரைக்கண்ணு சொல்வதற்கு வாயைத் திறந்தார்.

"ஒரு மிஷின் பாத்தேன் அண்ணே. மண்ணு காஞ்சா அதுவே தண்ணி ஊத்திக்குமாம். அதை வாங்கிட்டா உங்களுக்கு இங்க வேலையே இல்ல" என்று சிரித்தார். "சும்மா சொன்னேன். பயந்துடாதீங்க."

"சரிங்க" என்றார் துரைக்கண்ணு.

செடி தாங்கும் என்று சொன்னால், எப்படித் தாங்கும் என்று கேட்பார். எப்படி என்று காட்டினால், அப்புறம் நீங்கள் எதற்கு என்பது கேட்காமலே நிற்கும். வேலையைத் தூக்கித் திரியிடம் கொடுத்துவிடலாம். வேலை செய்வதாகத் தெரிவதை எதனிடமும் கொடுக்க முடியாது. அன்று மாலை ஐந்து மணிக்கு அவர் பூவாளியை எடுத்தார். அதில் தண்ணீர் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தொட்டியாகப் போய், வழக்கமான நேரம் எடுத்துக்கொண்டு, வெறும் பூவாளியைச் சாய்த்தார்.

முகாம் வண்டி வந்த அன்று கெங்கம்மாள் செந்தாமரையோடு போனாள். மூன்று நாளும் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் துரைக்கண்ணு கூடத்தில் இருந்தார். வாளிகளில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. செடிகளுக்கு அவர் தேவைப்படவே இல்லை. செந்தாமரை போனில், "நல்லபடியா முடிஞ்சிடுச்சு மாமா. கத்தி வைக்கிற வரைக்கும் உன்னையதான் கேட்டுனு இருந்திச்சு அக்கா" என்றாள்.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் மாலை கெங்கம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். கூடத்து வாசற்படியில் நின்றாள். அவர் பெரணிகள் பக்கம் இருந்தார். பூவாளி சாய்ந்தது, நிமிர்ந்தது, அடுத்ததற்கு நகர்ந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.

"இன்னாய்யா, அதுல தண்ணியே வர்ல."

"மெதுவா பேசு. அதுக்குக் காது இருக்குது" என்றார், கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி. பிறகு கேட்டார்: "நல்லா தெரியுதா?"

"எல்லாந்தான் தெரியுது."

அவர் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார். இன்னும் பதினோரு தொட்டிகள் இருந்தன. அவள் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, முடியும் வரை நின்றாள்.