மாமாவைத் தொடாத நாட்கள்

பாபநாசத்தில் படித்துறையின் மூன்றாவது படியில் இறங்கும்போதே காலில் துணி தட்டுப்பட்டது. நாலாவது படியில் அது கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. குனிந்து இழுத்தேன். யாரோ ஒருத்தியின் சேலை, பாசி பிடித்து, சளி மாதிரி வழவழவென்று வந்துகொண்டே இருந்தது. அதன் பின்னால் ஒரு வேட்டி, அதில் சிக்கிய ஒரு உள்பாவாடை. ஊர் ஊராக வந்து அவரவர் தோஷத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தாமிரபரணியில் முங்கினால் பாவம் போகும் என்று சின்ன வயதிலிருந்து நம்பியவள் நான். அன்றைக்கு ஒரு சொட்டுகூட உள்ளே போய்விடக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

என் கையிலும் ஒரு மூட்டை இருந்தது. மாமனாருடைய நாலு வேட்டி, இரண்டு துண்டு, ஒரு போர்வை. அவர் இறந்த நட்சத்திரம் சரியில்லை, வீட்டுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். உடுத்தியதை ஆற்றில் விட்டு, முங்கி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு அது ஒரு சடங்கு, முடித்தால் நிம்மதி. எனக்கு அப்படியில்லை. மாமாவை நான் பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத்தான் தெரியும். யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. பதினாறாம் நாள் விசேஷத்தில் சொந்தக்காரர்கள் என்னைப் புகழத்தான் செய்தார்கள். ஆனாலும் அதைக் கழுவிவிட அம்மன் ஒரு வழி வைத்திருப்பாள் என்று நம்பித்தான் தச்சநல்லூரிலிருந்து வீட்டுக்காரரோடு கிளம்பி வந்திருந்தேன்.

கரையோரம் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருத்தி நீளக் கம்பால் துணிகளைக் கோதி இழுத்துக்கொண்டிருந்தாள். கையில் உறைகூட இல்லை. ஈரத்துணிக் குவியல் அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. என் மூட்டையைப் பார்த்துவிட்டுக் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"எக்கா, அதை அங்கன விட்டா நாந்தான் முங்கி எடுக்கணும். இங்கனயே வச்சிட்டுப் போங்க."

எனக்குச் சுரீரென்றது. என்னைச் சுத்தமாக்கிக்கொள்ள நான் விட்டெறிவதை வேறொருத்தி கையால் அள்ள வேண்டும், அதற்குப் பெயர் பரிகாரம். என் பக்தி மொத்தமும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

மாமா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். துடைத்து, துணி மாற்றுவது என் வேலை. வீட்டுக்காரருக்கு வாடை ஒத்துக்கொள்ளாது, மாடிக்குப் போய்விடுவார். எனக்கு மட்டும் ஒத்துக்கொண்டதா என்ன? மாமா விழுவதற்கு முன்னால் நான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கோவிலுக்குப் போவேன். விழுந்த பிறகு செவ்வாயும் சேர்ந்தது. அப்புறம் சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி, ஆடி மாதம் முழுக்க. அவர் அறையில் வாடை ஏற ஏற என் பக்தியும் ஏறியது. விரத நாளில் தலைக்குக் குளித்துவிட்டால் கோவிலுக்குப் போய்வந்து, விளக்கேற்றி, சாப்பிட்டு முடிக்கும்வரை அவரைத் தொட மாட்டேன். அதற்குப் பதினொரு மணி ஆகிவிடும். ராத்திரியிலிருந்து நனைந்த துணியிலேயே அவர் கிடப்பார். குளிப்பதற்கு முன்னால் மாற்றிவிட்டிருக்கலாம், பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷத்தைத் தட்டிக்கழிக்கத்தான் நான் அத்தனை விரதம் பிடித்தேன்.

அவர் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. ஈரத்தலையும் பூத்தட்டுமாக அவர் அறையைத் தாண்டினேன். மூக்கைப் பொத்தியதைப் பார்த்துவிட்டார்.

"நீ போயிட்டு வா தாயி," என்றார். "நான் அசையாம கெடக்கேன். அசைஞ்சாத்தான் வாடை வரும்."

நான் ஒரு ஊதுவத்தியைக் கூடுதலாகக் கொளுத்தி வைத்துவிட்டுப் போனேன். கோவிலில் அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன், சீக்கிரம் கூட்டிக்கொள் தாயே என்று. அதை இரக்கம் என்றுதான் அப்போது நினைத்தேன். திரும்பி வந்தபோது வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தார். முதுகில் தோல் உரிந்து துணியோடு ஒட்டியிருந்தது.

இதையெல்லாம் படித்துறையில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மூட்டையை ஆற்றில் விட மாட்டேன், எனக்குப் பரிகாரம் வேண்டாம் என்றேன். அவர் திட்டுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்.

"எனக்குத் தெரியுமே. நான் மாடியிலதான இருந்தேன். நீ கோயிலுக்குப் போயிட்ட, நான் கீழ இறங்குனா நான்லா அள்ளணும்."

என் விரதம் அவருக்கும் உதவியிருக்கிறது. அப்பா நனைந்து கிடக்க மகன் மாடியில் காத்திருக்க, மருமகள் அம்மனுக்குப் பூ சாத்தப் போயிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் எங்களுக்குத்தான் எத்தனை நல்ல பெயர். வீட்டுக்காரர் நேரமாகிறது என்று என் மடியிலிருந்து மூட்டையைப் பிடுங்கி நடு ஆற்றுக்கு வீசினார். கரையில் அந்தப் பெண் கம்பைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

அதற்குப் பிறகு நான் விரதம் இருப்பதில்லை. சாமியே இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்கு வசதி, ஆனால் வாய் வரவில்லை. அம்மன் இருக்கிறாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். இருக்கிறாள் என்றால், தலை நிறையப் பூவும் நெற்றி நிறையக் குங்குமமுமாக நான் போய் முன்னால் நின்ற ஒவ்வொரு காலையிலும், என்னைப் பார்த்து அவளுக்கு எப்படிக் குமட்டியிருக்கும்.