கனகண்ணை எழுதிவைத்த மரண அறிவித்தல்

யாழினி அழைத்தபோது நான் வெரிபீ ரயில் நிலையத்துக் கார்த் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தபடியே மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். "அங்கிள், அப்பா போயிட்டார்" என்றாள். எத்தனை மணிக்கு என்று சொன்னாள், ஆஸ்பத்திரியில் யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று சொன்னாள். நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஓர் ஆறுதல் வந்தது. இனி அவருக்கு ஒருநாளும் தெரியவராது என்ற ஆறுதல். அதை நினைக்க எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத என்னால் முடியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளியிடுகிற நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி யாழினிதான் கேட்டாள். கடைசிவரைக்கும் அப்பாவோடு நின்றவர் நீங்கள்தானே என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நான் இரண்டு கிழமை பேனையைத் தொடவில்லை.

கனகரத்தினம் என்ற கனகண்ணையை உங்களில் பலர் கோயிலில் கண்டிருப்பீர்கள். நான் அவரைத் தொழிற்சாலையில் கண்டவன். பொதி செய்யும் இடமொன்றில் அவர் இயந்திரம் திருத்துபவர், நான் களஞ்சியத்தில். பதினெட்டு வருடம் ஒரே மேசையில் தேநீர் குடித்தோம். மனைவி இறந்தபின் அவர் வெரிபீ வீட்டில் தனியே இருந்தார். ஒரே மகள் யாழினி பத்து நிமிடக் கார்த் தூரத்தில், பொயிண்ட் குக்கில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் சமைத்துக்கொண்டு வருவாள்.

இரண்டு விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்தால் தப்ப முடியாது. ஒன்று துவக்கு, மற்றது போர்வீரர். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அவரோ இங்கே வந்து முறைப்படி லைசென்ஸ் எடுத்து, சுடும் கழகத்தில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் இலக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கென்ன விசரோ அண்ணை என்று நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். அவருடைய தகப்பனிடம் வயலுக்கு வரும் பன்றியைச் சுட அனுமதியோடு ஒரு ஒற்றைக்குழல் துவக்கு இருந்ததாம். அரசாங்கம் கேட்டதும் அந்த மனுசன் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தாராம். கொடுக்காதவன் எல்லாம் கடைசிவரை துவக்கோடு நின்றான் என்பார் கனகண்ணை. "துவக்கு வைச்சிருக்கிறது உரிமை, பூட்டி வைக்கிறது கடமை. ரெண்டையும் சேர்த்துப் பழகாத ஆக்களைத்தான் நாங்கள் கண்டனாங்கள்" என்பது அவர் அடிக்கடி சொன்னது. சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும் என்று யாராவது பேசினால் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதிவிட்டுத்தான் ஓய்வார். எனக்கு அதில் உடன்பாடு இருந்ததில்லை, இன்றைக்கும் இல்லை. இதைச் சொல்லிவைப்பது பின்னால் வரப்போகிற கதைக்கு அவசியம்.

போர்வீரர் விஷயத்தில் அவர் வேறு மாதிரி. ஏப்ரல் இருபத்தைந்து விடியற்காலை, இந்த நாட்டுப் போர்வீரருக்குச் செய்கிற நினைவு வணக்கத்துக்கு ஒவ்வொரு வருடமும் போவார், என்னையும் இழுத்துக்கொண்டு போவார். எத்தனை பேரைச் சுட்டான் என்ற கதைகள் அவருக்குப் பிடிக்காது. குண்டு பறக்கிற இடத்தில் காயக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பற்றித்தான் தேடித் தேடி வாசிப்பார். சொந்தப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லுவதுபோலச் சொல்லுவார்.

2009இல் அவருக்குக் குடலில் புற்றுநோய். வெட்டினார்கள், ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள், பிறகு எல்லாம் சரி என்று அனுப்பினார்கள். எல்லாம் சரி என்றபின் தொடங்குகிற வாழ்க்கையை நான் அவரிடம்தான் கண்டேன். மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போயின. சேர்ட்டுக்குப் பொத்தான் போட அரை மணித்தியாலம் போகும். குளிர்ச்சியான எதைத் தொட்டாலும் ஊசி குத்தும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுப்பார். வயிறு எப்போது அவசரப்படுத்தும் என்று தெரியாது. வெரிபீயிலிருந்து நகரம் வரைக்கும் எந்தெந்த ரயில் நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். 2010 ஏப்ரல் வணக்கத்துக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் இறங்கி ஏறினோம். போய்ச் சேர்ந்தபோது ஊதுகுழல் ஊதிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்று, மரத்த கையால் தொப்பியைக் கழற்ற முடியாமல் என்னைக் கழற்றச் சொன்னார்.

கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். எல்லாரும் குரலைத் தாழ்த்திச் "சுகமோ" என்று கேட்பது அவருக்கு ஆக்கினையாக இருந்தது. சுடும் கழகத்துக்கு மட்டும் போனார். விரல் நுனியில் உணர்ச்சி இல்லாததால் விசையை விரலின் நடு மூட்டால் இழுக்கப் பழகினார், அதற்கு நாலைந்து மாதம் எடுத்தது. அங்கே ஒருவரும் தன்னை வருத்தக்காரனாக, நோயாளியாகப் பார்ப்பதில்லை, இலக்கு அட்டையில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதுதான் பேச்சு என்று சொல்லுவார். சனிக்கிழமை பின்னேரம் அவருடைய முகமே வேறு.

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஒன்றுகூடலில் அவரை மேடைக்கு ஏற்றி, புற்றுநோயை வென்ற வீரர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினோம். அந்த வாசகம் நான் எழுதியது. அவர் ஒலிவாங்கியை வாங்கினார். "வீரன் எண்டால் ஓட இடம் இருந்தும் நிண்டவன். எனக்கு ஓட இடம் இருக்கேல்லை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். சனம் பகிடி என்று நினைத்துக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். 2011 ஜூலை, ஒரு திங்கட்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னை இருக்கச் சொல்லிவிட்டு அவசரமாகக் கழிப்பறைக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் துவக்கு கழற்றிக் கிடந்தது. எண்ணெய்ப் போத்தல், துணி, தூரிகை. பக்கத்தில் ஒரு தாள், அவருடைய நேரான கையெழுத்தில். மரண அறிவித்தல். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வெரிபீயை வதிவிடமாகவும் கொண்ட கனகரத்தினம் அவர்கள், பிறகு திகதிக்கு ஒரு கோடு, அன்று காலமானார். அன்னாரின் அன்பு மகள், பாசமிகு சகோதரர்கள், மைத்துனர்கள் என்று எல்லாப் பெயரும் ஒழுங்காக இருந்தன. இன்னொரு தரம் வாசித்தேன். போன கிழமைதான் ஸ்கானுக்குப் போவதும் வருவதும் போதும் போதும் என்றாகிவிட்டது என்று சொல்லியிருந்தார். அவர் வரும் சத்தம் கேட்டதும் நான் கதிரையைத் தள்ளிப் போட்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் குடித்தோம். கால்பந்தாட்டம் பற்றிக் கதைத்தோம். இது என்ன அண்ணை என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் கூட இருந்து தேநீர் குடித்தவனுக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்படி ஒருவர் இருக்கிறார், வருத்தம் வந்து மாறியவர், தனியே இருக்கிறார், வீட்டில் துவக்கு இருக்கிறது, தன் சாவைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். என் பெயரை வெளியில் விடவேண்டாம் என்றும் சொன்னேன். அவருடைய உயிருக்குப் பயந்துதான் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் உண்மைதான். அந்தத் துவக்கு அந்த வீட்டை விட்டுப் போனால் நல்லது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்களாம். மரியாதையாகத்தான் நடந்தார்களாம். இரும்புப் பெட்டியைத் திறந்து கொடுத்தாராம், துவக்கையும் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போனார்களாம். வைத்தியரின் கடிதம் வந்தால் திரும்ப யோசிப்போம் என்றார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர்தான், அன்றைக்குப் பின்னேரமே, என்னை வரச்சொல்லி. அப்போதுதான் அந்தத் தாளின் கதையும் தெரியவந்தது. மனைவி இறந்தபோது அந்தர அவசரத்தில் அடித்த அறிவித்தலில் அவருடைய தம்பி ஒருவரின் பெயர் விடுபட்டுப்போய், அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் முகம் கொடுக்கவில்லை. தன்னுடையதில் அப்படி நடக்கக்கூடாது என்று ஆறுதலாக இருந்து எழுதியிருக்கிறார். ஒருவரின் பெயரும் விடுபடாமல் பார்க்க, நான் அதைக் கண்டதற்கு முந்தின ஞாயிறு யாழினியிடம் காட்டியிருக்கிறார். அவள் அழுது, சண்டை பிடித்து, இதையும் கிழியுங்கோ, துவக்கையும் வித்துப்போடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வந்த பொலிஸ்காரர் தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், தாளைக் கண்டது அவள் ஒருத்திதான் என்று கனகண்ணை நினைத்தார்.

"என்ர பிள்ளை என்னை நேர கேட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சொன்னது இதுதான்: "அவ பயத்தில செய்திருப்பா அண்ணை. விடுங்கோ."

அந்த வசனம்தான் நான் செய்த பாவம். பொலிஸுக்குச் சொன்னதைக்கூட யாரும் மன்னிக்கலாம். அவருடைய சந்தேகத்துக்கு நான் சாட்சி சொன்னேன்.

யாழினி தான் இல்லை என்று சொன்னாள். அவர் "சரி" என்றார், அவ்வளவுதான். வைத்தியர் கடிதம் தந்தார், ஆனால் அவர் லைசென்ஸுக்குத் திரும்ப விண்ணப்பிக்கவில்லை. தன்னைச் சந்தேகப்பட்ட இடத்தில் போய் நான் நல்லவன் என்று கெஞ்ச ஏலாது என்றார். சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிற சாப்பாட்டைப் பேசாமல் வாங்கி வைப்பார், தொடமாட்டார். திங்கள் பின்னேரம் நான் போனால், கொண்டுபோய்ச் சாப்பிடு தம்பி, வீணாய்ப் போகும் என்று பெட்டியோடு தருவார். ஒரு வருடத்துக்கு மேல் அவள் தகப்பனுக்குச் சமைத்ததை நான் சாப்பிட்டேன். வயிற்றுக்கு ஆகாது என்று தகப்பனுக்காக மிளகாய்த்தூள் குறைத்து வைத்த மீன்குழம்பு. தொண்டைக்குள் இறங்கியது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவள் எனக்கு அடிக்கடி தொலைபேசி எடுப்பாள். "அங்கிள், நீங்கள் சொன்னால் அப்பா கேப்பார். ஒருக்காச் சொல்லுங்கோ." சொல்லிப் பார்க்கிறன் என்பேன். ஒருநாளும் சொல்லிப் பார்க்கவில்லை.

2012 கடைசியில் வருத்தம் ஈரலில் திரும்ப வந்தது. யாழினி வேலையிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்து அவரோடு நின்றாள். அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தார். கிறிஸ்மஸ் விடுமுறையில் நான் போனபோது, பின்வளவில் வெயிலில் கம்பளியால் மூடிக்கொண்டு இருந்தபடி, "பிள்ளையை நான் மன்னிச்சிட்டன்" என்றார். எனக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு பாரம் இறங்கியது. சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, இனி எதற்குக் கிளறுவான் என்று நினைத்தேன். இவ்வளவு கேவலமான நிம்மதி ஒரு மனிதனுக்கு வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

செத்தவீட்டில், பெட்டியை மூடிய பிறகு, யாழினி என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டாள். "அப்பா கடைசியில என்னை மன்னிச்சிட்டன் எண்டு சொன்னவர் அங்கிள். நான் செய்யேல்லை எண்டு திரும்பவும் சொல்ல வாயெடுத்தனான். பிறகு, வருத்தத்தோட இருக்கிற மனுசன், பரவாயில்லை எண்டு வாங்கிக்கொண்டன்" என்றாள். நான் அவள் தோளில் தட்டிவிட்டுச் செருப்பைத் தேடப் போனேன்.

கனகண்ணையை அறிந்தவர்களே, பொலிஸுக்குச் சொன்னது மகள்தான் என்று உங்களில் பலர் கதைத்ததை நான் அறிவேன். கோயில் மண்டபத்தில், சங்கத்தில், வேறு மாநிலத்தில், பிளாக்டவுனில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் அது போனது. அவள் முன்னால் சிரித்துக் கதைத்துவிட்டுப் பின்னால் என்ன பேசினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொன்னது நான். தயவு செய்து இனி அந்தக் கதையைக் கதைக்கிறபோது என் பெயரைச் சொல்லுங்கள்.

யாழினி, இதை நினைவு மலருக்கு அனுப்ப முதல் உன் கையில் தருகிறேன். போடுவதானால் முழுவதையும் போடு. விரும்பாவிட்டால் விட்டுவிடு, நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லுகிறேன். உன் அப்பாவிடமிருந்து மற்றவர்கள் எத்தனையோ நல்ல விஷயங்களை வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது அவர் என்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அது பிழையான இடத்தில் வைத்தது. உனக்குச் சேரவேண்டியதை இரண்டு வருடம் நான் வைத்திருந்தேன். உன்னை மன்னிக்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை, பிள்ளை. நீ அவருக்கு ஒன்றும் செய்யவில்லை.